பாட்டுடைத் தலைவனைப் பெற்றவள்

பிள்ளைத்தமிழ் என்னும் சிற்றிலக்கிய வகையை நம் இஸ்லாமியத் தமிழ்ப் புலவர்கள் பெருவிருப்புடன் கையாண்டிருக்கின்றனர். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், முஹிய்யித்தீன் ஆண்டகை மீதும், நாகூர் நாயகம் மீதும், பாத்திமா நாயகி மீதும் பிள்ளைத்தமிழ் நூல்கள் உள்ளன. காப்பு, செங்கீரை, தால், சப்பாணி என்று தொடரும் பருவங்களுக்குப் பாட்டியல் நூல்கள் மாதக் கணக்கும் வகுத்து வைத்துள்ளன. குழந்தையின் மூன்றாம் திங்களில் தொடங்கி இருபத்தொன்றாம் திங்கள் வரை, ஒற்றைப்பட்ட மாதங்களில் பருவங்களை அமைத்துப் பாடுக என்பது அவ்விலக்கணம்.

இதனை மாணவர்க்குச் சொல்லும்போது ஒரு வினா எழுவது இயல்பு. முதல் இரண்டு திங்கள் எங்கே போயின? பிறந்த குழந்தை உடல் தேறி, முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்கிய பின்னரே பாட்டுக்கு இடம் கிடைக்கிறது என்று அமைதி கூறலாம். குழந்தையைப் பொறுத்தவரை அது சரியான விடைதான். ஆனால் பிள்ளைத்தமிழைப் பாடுகிறவர் தாயின் நாவைக் கடன் வாங்கிக்கொண்டு பாடுகிறார். கொஞ்சுவது தாய், அழைப்பது தாய், நிலவைக் கூப்பிடுவது தாய். அவளுடைய முதல் இரண்டு திங்களும் அந்நூல்களில் இல்லை. மூன்றாம் திங்களில் அவள் வரும்போது முழு மகிழ்ச்சியோடுதான் வருகிறாள். இடையில் அவளுக்கு என்ன நேர்ந்தது என்பதைப் புலவர் கேட்கவுமில்லை, கேட்கும்படி இலக்கணம் அவரைப் பணிக்கவுமில்லை.

காப்பியத்திற்கு வருவோம். உமறுப் புலவரின் சீறாப்புராணத்தில், விலாதத்துக் காண்டத்தில் நபியவதாரப் படலமும் அலிமா முலையூட்டுப் படலமும் அடுத்தடுத்துப் பேசப்படுபவை. பாலூட்டிய செவிலித் தாயின் பெயரால் ஒரு படலமே அமைந்திருப்பது நம் இலக்கியத்திற்குப் பெருமை. அதே வேளையில் ஆமினா அம்மையாரின் வரலாற்றை ஒரு முறை நினைத்துப் பார்க்க வேண்டும். வரலாற்றாசிரியர் பலரின் கூற்றுப்படி, குழந்தை வயிற்றில் இருக்கும்போதே கணவர் அப்துல்லாஹ் யத்ரிபில் காலமாகிவிட்டார். பிறந்த மகவைச் சில நாட்களில் பாலைவனத்துச் செவிலியிடம் ஒப்படைத்தாக வேண்டும். மகனுக்கு ஆறு வயதாகும்போது அம்மையாரும் அப்வா என்னுமிடத்தில் உயிர் துறந்தார். இளம் விதவை, புதிய தாய், மடி வெறுமையானவர். மௌலிது மரபு இந்த அம்மையாரைச் சுமை அறியாத கருவுற்றவராக, வலி அறியாத தாயாகக் காட்டுகிறது. அது நபிப் பேரொளியைப் போற்றும் அன்பின் வெளிப்பாடு. அதனோடு நமக்குப் பூசலில்லை. அந்த ஒளியில் கண் கூசிய நாம், மற்ற தாய்மார்களும் வலியின்றி மகிழ்வார்கள் என்று எதிர்பார்க்கத் தொடங்கியதுதான் பிழை.

திருமறை அவ்வாறு எதிர்பார்க்கவில்லை. அங்கே தாய்மார்களின் துயரம் மறைக்கப்படவே இல்லை.

மர்யம் (அலை) அவர்களின் பேறுகாலத்தைப் பேசும் பகுதியைப் பாருங்கள். பிரசவ வேதனை அவரைப் பேரீச்ச மரத்தின் அடிக்குக் கொண்டு போகிறது. இதற்கு முன்பே தாம் மாண்டு, எவர் நினைவிலும் இல்லாமற் போயிருக்கக் கூடாதா என்று அவர் ஏங்குகிறார். உலகப் பெண்களில் தேர்ந்தெடுக்கப்பட்டவர் என்று எந்த நூல் போற்றுகிறதோ, அதே நூல் இந்த ஏக்கத்தையும் அவர் வாயிலிருந்தே நமக்குக் கேட்கச் செய்கிறது. அதற்கு வந்த மறுமொழி இன்னும் கவனிக்கத் தக்கது. முதற்சொல்லே கவலை வேண்டாம் என்பது. பிறகு காலடியில் நீரோடை, கைக்கெட்டும் கனி, உண்ணுமாறும் பருகுமாறும் கண்குளிருமாறும் ஆணை. இறுதியாக, எவரேனும் எதிர்ப்பட்டால் இன்று பேசா நோன்பு நோற்றிருப்பதாகத் தெரிவித்துவிடலாம் என்ற அனுமதி. கண்டனம் என்று ஒரு சொல்கூட அதில் இல்லை. உணவு, நீர், ஆறுதல், ஊராரின் கேள்விக்குப் பதில் சொல்லும் பொறுப்பிலிருந்து விடுதலை, இவ்வளவுதான். நம் மேடைகளிலோ இந்த வசனம் பெரும்பாலும் பேரீச்சம்பழத்தில் உள்ள சத்துக்களை விளக்குவதற்கே பயன்பட்டு வருகிறது!

மூஸா (அலை) அவர்களின் தாயார் வரலாறு மற்றொன்று. குழந்தையை ஆற்றில் விட்ட மறுநாள் காலை அத்தாயின் உள்ளம் ‘பாரிக்’ ஆகிவிட்டது என்கிறது திருமறை. வெறுமையானது என்பது அச்சொல்லின் நேர்ப்பொருள். மதரஸாக்களில் ஓதப்படும் ஜலாலைன், குழந்தையைத் தவிர மற்ற அனைத்தும் நீங்கி வெறுமையானது என்று ஓரிரு சொற்களில் பொருள் கூறிச் செல்கிறது. தபரீ போன்ற விரிவான உரைகளில் வேறு பொருள்களும் பதிவாகியுள்ளன. எப்பொருள் கொண்டாலும், ஈமான் நிறைந்த ஓர் உள்ளம் வெறுமையாவதும் உண்டு என்பதை அந்தச் சொல் ஒப்புக்கொள்கிறது. அதை அடுத்து வரும் வினை ‘ரபத்னா’. கட்டினோம், பிணித்து உறுதிப்படுத்தினோம் என்பது கருத்து. அவிழ்ந்து போகும் ஒன்றைத்தான் கட்ட வேண்டியிருக்கிறது. பின்னர் என்ன நடந்தது? தமக்கை பின்தொடர்ந்து சென்று செய்தி அறிகிறாள், வழி செய்கிறாள், குழந்தை தாயிடமே பாலுண்ண வந்து சேர்கிறது. உள்ளத்திற்கு உறுதி இறைவனிடமிருந்து வந்தது. அதற்காகத் தமக்கை வீட்டில் உட்கார்ந்திருக்கவில்லை.

இவ்விரு மாதரசிகளுக்கும் இன்ன நோய் இருந்தது என்று சொல்வது என் கருத்தன்று, அது அபத்தம். பிள்ளை பெற்றவளின் துயரத்திற்குச் சொல் கொடுப்பது ஈமானுக்கு இழுக்கல்ல என்று திருமறையே வழிகாட்டியிருக்க, நம் பாட்டும் பேச்சும் ஏன் அதைத் தாண்டிச் சென்றன என்பதே என் கேள்வி.

இது ஏட்டுக் கேள்வி மட்டுமன்று. பிள்ளைத்தமிழ் விட்டுவிட்ட அதே இரண்டு மூன்று திங்களில்தான் புதிய தாய்மார் பலருக்கு மனச்சோர்வு நோய் வந்து குடியேறுகிறது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைச் சார்ந்த மருத்துவர்கள் காணியம்பாடி வட்டாரக் கிராமங்களில் 359 கருவுற்ற பெண்களைச் சந்தித்து, பிரசவமான 6 முதல் 12 வாரங்களுக்குள் மீண்டும் சந்தித்தனர். நூற்றுக்கு 11 பேரிடம் பிரசவத்திற்குப் பின் புதிதாக மனச்சோர்வு கண்டிருந்தது. 2002-இல் வெளியான அந்த ஆய்வு, நோய்க்குத் துணை நின்ற காரணங்களையும் கூறுகிறது. வருவாய்க் குறைவு, மகனை விரும்பியிருந்த வீட்டில் மகள் பிறந்தது, மாமியாருடனோ பெற்றோருடனோ மனக்கசப்பு, கருவுற்றிருந்த காலத்து இன்னல்கள், வீட்டு வேலையில் கைகொடுக்க ஆள் இல்லாமை. இவற்றுள் எது நமக்குத் தெரியாதது? பெண் மகவு பிறந்த செய்தி கேட்டு முகம் கறுத்துப்போகும் மனிதனைத் திருமறை கண்டித்திருக்கிறது. அவன் முகம் கறுப்பதைப் பாயில் படுத்தபடி பார்த்துக்கொண்டிருக்கும் ஒருத்தியும் அதே வீட்டில் இருக்கிறாள். இந்தியா முழுவதிலும் நடந்த பல ஆய்வுகளைத் தொகுத்து 2017-இல் வெளியிட்ட கணக்கு, நூற்றுக்கு 22 தாய்மார் என்கிறது.

நம் மூதாட்டிகள் இதை அறவே அறியாதவர்கள் அல்லர். பிள்ளை பெற்ற சில நாட்களில் பெண்ணொருத்தி தூக்கமின்றிப் பிதற்றி, இல்லாத குரலைக் கேட்டு, குழந்தையைக் கண்டே அஞ்சினால் அதற்குப் பிரசவ சன்னி என்று பெயர் வைத்திருந்தார்கள். ஆயிரம் பிரசவங்களில் ஒன்றிரண்டில் நேரும் கொடிய நிலை அது. பெரும்பாலும் முதல் இரண்டு வாரங்களுக்குள் தோன்றும். ஒரு நாளும் தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டியது. மூன்றாம் நாள், நான்காம் நாள் காரணமின்றிக் கண்ணீர் வந்து, பத்துப் பதினைந்து நாட்களில் தானே தெளியும் வாட்டத்தையும் அவர்கள் அறிவார்கள். “பச்சை உடம்புக்காரி, அழ விடாதீர்கள்” என்று சொன்னது அதனால்தான். இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது மூன்றாவது. அது கூச்சலிடாது. தானே தெளியவும் செய்யாது. இரண்டு வாரங்களைத் தாண்டி நாள்தோறும் நீடிக்கும் சோகம், எதிலும் பற்றின்மை, குழந்தை உறங்கியும் தனக்கு உறக்கம் வராமை, பசியின்மை, பிள்ளையிடம் ஒட்டுதல் இல்லையே என்ற குற்றவுணர்வு, தான் எதற்கும் உதவாதவள் என்ற எண்ணம், சில வேளை இறந்துவிடலாம் என்ற நினைவு. இந்த அமைதியான நோய்க்கு நம் வீடுகளில் பெயரில்லை. பெயரில்லாதபோது வேறு பெயர்கள் வந்து ஒட்டிக்கொள்கின்றன: சோம்பல், திமிர், கண்ணூறு, ஜின், ஈமான் குறைவு.

சென்ற ஆண்டு எங்கள் மதரஸாவுக்கு ஓர் இளைஞர் தண்ணீர்ப் புட்டியோடு வந்தார். மனைவிக்கு இரண்டாவதும் பெண் குழந்தை பிறந்து ஏழு வாரம். “ஹஜ்ரத், ஓதி ஊதித் தாங்க. ஒரு தாயத்தும் எழுதித் தாங்க” என்றார். அந்தப் பெண் தலை வாருவதில்லை. அழுதால் பால் கொடுக்கிறாள், ஆனால் பிள்ளையின் முகத்தைப் பார்ப்பதில்லை. இந்தப் பிள்ளைக்கு வேறு நல்ல தாய் கிடைத்திருக்கலாம் என்று ஒரு நாள் சொன்னாளாம். “வீட்டில் அவளிடம் யாரும் பேசுகிறீர்களா, தம்பி?” என்றேன். “எல்லாரும் பேசுறோம் ஹஜ்ரத். புத்தி சொல்றோம்” என்றார். ஓதித்தான் கொடுத்தேன். அன்றே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுமாறும், அவளுடைய அம்மாவை வரவழைத்து இரவில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளச் செய்யுமாறும், அவளைத் தனியே விட வேண்டாம் என்றும் சொல்லி அனுப்பினேன். அவள் தேறுவதற்கு நாலைந்து மாதங்கள் ஆயின.

புத்தி சொல்வோர் வழக்கமாகச் சொல்வது, தொழுதால் எல்லாம் சரியாகிவிடும் என்பது. பிக்ஹு அறிந்தவர் இவ்வாறு சொல்லலாமா? நிபாஸ் காலத்தில் அவளுக்குத் தொழுகை இல்லை; விடுபட்ட தொழுகையைப் பின்னர் நிறைவேற்றும் கடமையும் இல்லை. ஷரீஅத்தே தந்த ஓய்வை எடுத்துக்கொண்டவளை, தொழாததால் வந்த வினை என்று இடித்துரைப்பது எந்தக் கிதாபில் உள்ளது? திக்ரும் துஆவும் அவளுக்கு என்றும் உண்டு. அவை அவளுக்குத் துணை. துணையைத் தண்டமாக்குவதுதான் தகாது. நாற்பதாம் நாள் கணக்கும் இத்தகையதே. நம் பகுதி இராவுத்தர் குடும்பங்கள் பின்பற்றும் ஹனபி மத்ஹபில் நிபாஸின் உச்ச வரம்பு 40 நாள். கடற்கரை ஊர்களின் ஷாபி மத்ஹபில் 60 நாள். இமாம்கள் அளந்தது உதிரப்போக்கை. நாமோ நாற்பது கழித்துத் தலைக்குத் தண்ணீர் ஊற்றியதும் அவள் முழுமையாகத் தேறிவிட்டாள் என்று முடிவு கட்டி, அடுப்படியையும் பழைய வேலைகளையும் ஒப்படைத்துவிடுகிறோம். மனச்சோர்வோ பிரசவத்திற்குப் பின் ஓராண்டுக்குள் எப்போதும் தலைகாட்டலாம்.

காரணமில்லாமல் ஒருத்திக்குத் துக்கம் வருமா என்று கேட்போருக்கு நம் பழைய அறிஞர் ஒருவரையே விடையாகக் காட்டலாம். கி.பி. 934-இல் மறைந்த அபூ ஸைத் அல்பல்கீ, உடல் நலத்தையும் உள நலத்தையும் ஒரே நூலில் இணைத்து ‘மஸாலிஹுல் அப்தான் வல் அன்புஸ்’ எழுதினார். துக்கம் இருவகை என்பது அவர் கொள்கை. இழப்பு போன்ற தெரிந்த காரணத்தால் வருவது ஒன்று; காரணம் தெரியாமல் வருவது மற்றொன்று. இரண்டாவதன் வேர் உடலில், இரத்தத்தின் நிலையில் இருப்பதால், அதற்கு உடல் வழியாகவே மருத்துவம் செய்ய வேண்டும் என்றார். பிரசவத்தையொட்டி உடலின் சுரப்பிநீர்கள் திடீரென வீழ்வதையும், தூக்கக் கேட்டையும் இன்றைய மருத்துவம் சுட்டும்போது, ஆயிரமாண்டுக்கு முன் நம்மவர் ஒருவர் நின்ற இடத்துக்கு அருகேதான் அதுவும் நிற்கிறது. இந்தப் பெயரை நம் பாடத்திட்டங்களில் தேடினால் கிடைக்காது. அது தனிக் கதை.

மருத்துவம் உண்டு என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். 1987-இல் ஸ்காட்லாந்தில் வகுக்கப்பட்ட எடின்பரோ வினாத்தாளில் பத்தே கேள்விகள். கடந்த ஏழு நாட்களின் மனநிலையைக் கேட்பவை. அதன் தமிழ் வடிவமும் சோதித்துப் பார்க்கப்பட்டுள்ளது. நோய் இலேசானால் ஆறுதலான பேச்சும் முறையான மன ஆலோசனையும் வீட்டாரின் உதவியுமே போதுமானவை. கடுமையானால் மருந்து வேண்டும். பால் கொடுக்கும் தாய்க்கும் ஏற்ற மருந்துகளை மருத்துவர் தேர்ந்து கொடுப்பார். தாமாக நிறுத்துவதுதான் கூடாது. பாகிஸ்தானில் இராவல்பிண்டி மாவட்டத்தில், கிராமச் சுகாதாரப் பணிப்பெண்களுக்குச் சிறிது பயிற்சி அளித்து, சோர்வுற்ற கர்ப்பிணிகளின் வீடு தேடிச் சென்று பேசச் செய்தனர். 2008-இல் வெளியான முடிவின்படி, பிரசவமான ஆறாம் மாதத்தில் அவ்வாறு பேசப்பட்ட தாய்மாரில் நூற்றுக்கு 23 பேரிடமே நோய் எஞ்சியிருந்தது. மற்றப் பிரிவில் 53. அங்கு சென்றவர்கள் பெரிய மருத்துவர்கள் அல்லர். பர்தா பேணும் கிராமத்துப் பெண்களிடம் சென்ற அதே ஊர்ப் பெண்கள்.

நம் மாவட்டம் இவ்வகையில் வறண்ட நிலமன்று. 1947-இல் காந்திகிராமத்தை நிறுவிய டாக்டர் சௌந்தரம் அம்மையார் தொடங்கிய கஸ்தூரிபா மருத்துவமனை, சின்னாளப்பட்டிச் சுற்றுவட்டாரத்துத் தாய்மார்களுக்குப் பல தலைமுறைகளாகப் பழக்கமானது. திண்டுக்கல் அரசு மருத்துவக் கல்லூரி 2022-இல் திறக்கப்பட்டது. 14416 என்ற டெலி மனஸ் எண்ணில் 2022 அக்டோபர் முதல் இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றி மன ஆலோசனை கேட்கலாம்; தமிழிலும் பேசலாம். பிள்ளையைப் பிரித்துவிடுவார்களோ என்ற அச்சத்தால் நோயை மறைப்போர் உண்டு. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைச் சிகிச்சை பெறும் தாயிடமிருந்து பொதுவாகப் பிரிக்கலாகாது என்கிறது. பெங்களூரின் நிம்ஹான்ஸ் நிறுவனத்தில் தாயும் சேயும் ஒன்றாகத் தங்கிச் சிகிச்சை பெறும் பகுதி 2009 முதல் இயங்குகிறது.

மீண்டும் இலக்கியத்திற்கே வருகிறேன். தாயைப் போற்றும் நம் சொற்பொழிவுகளிலும் கவிதைகளிலும் வரும் தாய் பெரும்பாலும் முதியவள், பேசுகிறவரின் தாய். அவள் பட்டதெல்லாம் பட்டு முடித்தவள். இருபத்திரண்டு வயதில், மார்பு கட்டி, தையல் வலியோடு, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருப்பவளும் தாய்தான் என்பது அங்கே நினைவுக்கு வருவதில்லை. நாட்டுப்புறத் தாலாட்டுகள் இவ்வகையில் புலவர் பாட்டினும் உண்மையானவை. உன்னை அடித்தவர் யார் என்று பிள்ளையிடம் கேட்கும் சாக்கில், தன் வீட்டார் மீதுள்ள மனத்தாங்கலைத் தாய் அதில் சொல்லிக்கொள்ள முடிந்தது. இஸ்லாமியப் பெண்களின் அக வாழ்வை வெளிப்படையாகப் பேசிய சல்மாவின் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’ 2004-இல் வந்தபோது முகம் சுளித்தவர்கள் நம்மிடையே உண்டு. அந்நாவலின் சில பகுதிகள் எனக்கும் உவப்பானவை அல்ல. ஆனால் வீட்டின் உள்ளறையில் நடப்பதை ஒரு பெண் எழுதினால்தான் நமக்குத் தெரிகிறது என்ற நிலைக்கு வெட்கப்பட வேண்டியவர் அவரல்லர்.

திண்டுக்கல் பேகம்பூர், ஹைதர் அலியின் தங்கை அமீருன்னிஸா பேகத்தின் பெயரால் வழங்கும் பகுதி. அவர் பேறுகாலத்தில் மறைந்தார் என்பது ஊர் வழக்கு. அவர் அடங்கியுள்ள இடத்தைக் கடந்துதான் பெரிய பள்ளிவாசலுக்குத் தொழச் செல்கிறோம். அங்கே ஜுமுஆவில் சொல்லத்தக்க ஹதீஸ் ஒன்று புகாரியில் இருக்கிறது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நீண்ட நேரம் தொழுவிக்கும் எண்ணத்தோடு நின்றிருப்பார்கள். பின்வரிசையில் ஒரு குழந்தை அழும் குரல் கேட்கும். அதன் தாய் படும் மனவேதனையை எண்ணித் தொழுகையைச் சுருக்கிக்கொள்வார்கள். அழுதது குழந்தை. அவர்கள் எண்ணிப் பார்த்தது தாயை. ரமலானுக்கு முந்தைய ஜுமுஆக்களில் ஒன்றையேனும் கதீப்மார்கள் இந்த ஹதீஸுக்கு ஒதுக்க வேண்டும் என்பது என் விண்ணப்பம். நோன்பு மாதத்தில் மாப்பிள்ளை வீட்டாருக்கு இப்தார் சமைக்கும் வீடுகளில், ஆறு வாரக் குழந்தையோடு அடுப்படியில் நிற்பவர்கள் சிலராவது இருப்பார்கள்.